உள்ளகப் பிணையத்தில் கோப்புறைப் பகிர்வு

ஒரு கணினியில் இருக்கும் கோப்புறையை, அதே பிணையத்தில் இணைந்துள்ள பிற கணினிகளிலிருந்தும் திறந்து பயன்படுத்த வழி செய்வது கோப்புறைப் பகிர்வு எனப்படும். கோப்புறை என்பது நாம் அன்றாடம் ஃபோல்டர் என்று சொல்வதுதான். ஒரு வீடு, ஒரு பள்ளி ஆய்வகம், ஓர் அலுவலகம் என ஓர் இடத்துக்குள் கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ இணைக்கப்பட்ட கணினிகளின் தொகுப்பு உள்ளகப் பிணையம் ஆகும். பேச்சில் இதை லேன் என்பர். இணைய இணைப்பு இல்லாத நாளிலும் உள்ளகப் பிணையம் வேலை செய்யும். ஒரு ஸ்விட்ச் பெட்டியும் சில கம்பிகளும் இருந்தால் போதும். டேட்டா செலவு கிடையாது.

விண்டோஸ் இயங்குதளத்தில் இந்த வசதி எப்படி இயங்குகிறது, யாருக்கு எவ்வளவு அனுமதி தருவது, எங்கெல்லாம் சிக்கல் வரும் என்பவற்றை ஒரு பள்ளிக் கணினி ஆய்வகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. லினக்ஸ் பற்றித் தேவையான இடத்தில் மட்டும் சொல்லப்படும்.

பகிர்தலும் படியெடுத்தலும்

பென் டிரைவில் ஒரு கோப்பைப் போட்டுக் கொடுத்தால் அது படி. முப்பது மாணவர்களுக்குக் கொடுத்தால் முப்பது படிகள். மறுநாள் ஆசிரியர் அதில் ஒரு பிழையைத் திருத்தினால், முப்பது படிகளும் பழையவை ஆகிவிடும். பகிர்வில் கோப்பு ஒன்றே, அது இருக்கும் இடமும் ஒன்றே. திருத்தம் ஒருமுறை செய்தால் போதும். அடுத்துத் திறப்பவர் அனைவரும் திருத்திய வடிவத்தையே காண்பர்.

நூலகத்தின் குறிப்புதவிப் பகுதியை நினைத்துக்கொள்ளலாம். அகராதியை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது; அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லாருக்கும் அதே ஒரு புத்தகம்தான். ஆகவே ஒருவர் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால், அந்தப் பக்கம் ஊருக்கே இல்லாமல் போகிறது. பகிர்ந்த கோப்புறையின் பயனும் ஆபத்தும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. பகிர்வை இயக்குவது ஐந்து நிமிட வேலை. எதை, யாருக்கு, எந்த அளவுக்குத் திறந்து வைப்பது என்று முடிவு செய்வதே உண்மையான வேலை. பல இடங்களில் 'திறந்தால் போதும்' என்று எல்லாருக்கும் முழு அனுமதியும் கொடுத்துவிட்டு, ஒரு கோப்பு காணாமல் போன பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

தோற்றம்

1980களின் தொடக்கத்தில் ஹார்டு டிஸ்க் விலை மிகுந்த பொருள். மேசைக்கு ஒன்று வாங்குவதைவிட ஒன்றைப் பலர் பயன்படுத்துவது சிக்கனம். நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் 1983இலும், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் என்எஃப்எஸ் 1984இலும் வெளிவந்தன. இதே காலத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் என்பவர் எஸ்எம்பி என்ற நெறிமுறையை வடிவமைத்தார். நெறிமுறை என்பது இரு கணினிகள் எந்த ஒழுங்கில் கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற உடன்பாடு. மைக்ரோசாஃப்ட் இதை எடுத்து வளர்த்தது. 1992இல் வந்த 'விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்' மூலம் சாதாரண மேசைக் கணினிகளே தமக்குள் கோப்புறைகளைப் பகிர்ந்துகொள்ளும் வசதி பரவலாயிற்று. இன்று விண்டோஸில் ஒரு கோப்புறையைப் பகிரும்போது வேலை செய்வதும் எஸ்எம்பியின் புதிய பதிப்புதான்.

இதன் இன்னொரு கிளை ஆஸ்திரேலியாவில் முளைத்தது. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், யூனிக்ஸ் கணினியில் உள்ள கோப்புகளைத் தம் டாஸ் கணினியிலிருந்து திறக்க விரும்பினார். கணினிகளுக்கு இடையே கம்பியில் போய்வரும் செய்திகளைக் கவனித்தே அந்த நெறிமுறையைப் புரிந்துகொண்டு ஒரு நிரலை எழுதினார். 1992இல் அது வெளியானது. அதற்கு அவர் முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால் மாற்ற வேண்டி வந்தது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினி அகராதியில் தேடச் செய்தார். கிடைத்தவற்றுள் ஒன்று 'சாம்பா'. பிரேசில் நாட்டு நடனத்தின் பெயர் கட்டற்ற மென்பொருள் ஒன்றுக்கு வந்தது இப்படித்தான். லினக்ஸ் கணினிகளும், வீடுகளில் வைக்கும் பல சேமிப்புப் பெட்டிகளும் விண்டோஸ் கணினிகளோடு கோப்புறை பகிர்ந்துகொள்வது சாம்பாவின் உதவியால்தான். பல ஆண்டுகள் குறிப்பேடு இல்லாமலே வளர்ந்த இந்தத் திட்டத்துக்கு, ஐரோப்பிய ஆணையம் 2004இல் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக அளித்த தீர்ப்பின் தொடர்ச்சியாக, 2007 டிசம்பரில்தான் நெறிமுறையின் ஆவணங்கள் கிடைத்தன. ஆப்பிள் நிறுவனமும் 2013 முதல் மேக் கணினிகளில் எஸ்எம்பியையே முதன்மைப் பகிர்வு முறையாக ஏற்றுக்கொண்டது.

இயங்கும் முறை

கோப்புறை இருக்கும் கணினியை வழங்கி என்றும், அதைக் கேட்டு வரும் கணினியை வாங்கி என்றும் அழைக்கலாம். ஒரே கணினி ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கலாம்.

மாணவர் தம் கணினியில் \\லேப்01\பாடம் என்று முகவரி இடுகிறார் என்று கொள்வோம். லேப்01 என்பது வழங்கியின் பெயர். பாடம் என்பது பகிரப்பட்ட கோப்புறையின் பெயர். வாங்கி முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கண்டுபிடிக்கிறது. உள்ளகப் பிணையங்களில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். பிறகு வழங்கியின் 445 என்ற எண்ணுள்ள வாயிலைத் தட்டுகிறது. எந்தப் பதிப்பு எஸ்எம்பியில் பேசுவது என்று இரண்டும் முடிவு செய்கின்றன. அடுத்து 'நீ யார்?' என்ற கேள்வி. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இங்கே தேவைப்படும். கடவுச்சொல் அப்படியே கம்பியில் அனுப்பப்படுவதில்லை. வழங்கி ஒரு புதிர் எண்ணை அனுப்பும். கடவுச்சொல் தெரிந்தவர் மட்டுமே கணக்கிடக்கூடிய விடையை வாங்கி திருப்பி அனுப்பும். ஆள் யார் என்று உறுதியான பின் 'எந்தக் கோப்புறை வேண்டும்?' என்ற கட்டம். அதன் பிறகே கோப்பைத் திறப்பது, படிப்பது, எழுதுவது, மூடுவது எல்லாம் நடக்கின்றன.

ஒவ்வொரு கோப்புக்கும் திறத்தல், மூடுதல் என்ற போக்குவரத்து இருப்பதால், ஆயிரம் சிறு கோப்புகளைப் பிணையம் வழியே படியெடுப்பது அதே அளவுள்ள ஒரே கோப்பைப் படியெடுப்பதைவிட நேரம் பிடிக்கும். அவற்றை ஒரு சிப் கோப்பாகச் சுருக்கி அனுப்புவது நல்லது.

இரண்டு கதவுகள்

விண்டோஸில் பகிர்ந்த கோப்புறைக்கு இரண்டு கதவுகள் உண்டு. இதைப் புரிந்துகொண்டால் பகிர்வில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

முதல் கதவு பகிர்வு அனுமதி. பிணையம் வழியாக வருபவரை மட்டும் இது சோதிக்கும். இதில் மூன்று நிலைகள்: படிக்க மட்டும், மாற்றவும் அழிக்கவும், முழுக் கட்டுப்பாடு. முழுக் கட்டுப்பாடு பெற்றவர் மற்றவர்களின் அனுமதிகளையே மாற்ற வழி உண்டு என்பதால் மாணவர் எவருக்கும் அது தேவையில்லை.

இரண்டாம் கதவு கோப்பு அனுமதி. டிரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் அமைக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் இது தனித்தனியே உண்டு. பிணையம் வழியாக வந்தாலும் சரி, அந்தக் கணினியின் முன்னாலேயே உட்கார்ந்தாலும் சரி, இந்தக் கதவு எல்லாரையும் சோதிக்கும். பென் டிரைவ்கள் பெரும்பாலும் வேறு முறையில் அமைந்தவை. அவற்றில் இரண்டாம் கதவு கிடையாது. ஆகவே பென் டிரைவைச் செருகி அதையே பகிர்வது நல்ல வழக்கமன்று.

பிணையம் வழியே வருபவர் இரண்டு கதவுகளையும் கடக்க வேண்டும். இரண்டில் எது குறுகியதோ அந்த அளவு அனுமதியே அவருக்குக் கிடைக்கும். பகிர்வு அனுமதியில் 'மாற்றலாம்' என்றும் கோப்பு அனுமதியில் 'படிக்க மட்டும்' என்றும் இருந்தால் அவரால் படிக்கத்தான் முடியும். மாறாக, கோப்பு அனுமதியில் முழு உரிமை இருந்தும் பகிர்வு அனுமதி 'படிக்க மட்டும்' என்றால், அப்போதும் படிக்க மட்டுமே. 'எல்லாம் கொடுத்துவிட்டேன், ஆனாலும் சேமிக்க முடியவில்லை' என்று வரும் புகார்களுக்கு வழக்கமான காரணம் இதுதான்: ஒரு கதவை மட்டும் திறந்திருப்பார்கள்.

ஒரே கதவுக்குள் கணக்கு வேறு. ஒருவர் இரண்டு குழுக்களில் உறுப்பினராக இருந்தால் இரண்டின் அனுமதிகளும் கூடி, பெரியது கிடைக்கும். ஆனால் 'மறு' என்று எங்காவது நேரடியாகக் குறித்திருந்தால் அது மற்றவற்றை வென்றுவிடும். அதனால் 'மறு' என்ற குறியைத் தொடாமல், தேவையானவருக்கு மட்டும் அனுமதி தருவதே தெளிவான வழி. பல பிணைய நிருவாகிகள் முதல் கதவைச் சற்று அகலமாக வைத்துவிட்டு, நுணுக்கமான கட்டுப்பாடு முழுவதையும் இரண்டாம் கதவில் செய்வார்கள். இரண்டு இடத்தில் கணக்குப் பார்க்கும் தொல்லை குறையும்.

ஓர் ஆய்வக அமைப்பு

பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் கணினி வழங்கி. மாணவர் கணினிகள் பதினைந்து. ஆசிரியரின் டி டிரைவில் பாடக் கோப்புகள், மாணவர் செய்த பயிற்சிகள், மதிப்பெண் பட்டியல், அடுத்த தேர்வின் வினாத்தாள் எல்லாம் இருக்கின்றன. டி டிரைவை மொத்தமாகப் பகிர்ந்துவிடுவது எளிது. பலரும் செய்வதும் அதுவே. ஒரு கோப்புறையைப் பகிர்ந்தால் அதற்குள் இருக்கும் கோப்புறைகளும் சேர்ந்தே பகிரப்படும். வினாத்தாள் எட்டாம் வகுப்புக்கு எட்ட ஒரு சொடுக்குப் போதும்.

இதைப் பிரித்து அமைக்க வேண்டும். 'பாடம்' என்ற கோப்புறை தனியே பகிரப்படும்: மாணவர்களுக்குப் படிக்க மட்டும், ஆசிரியர்களுக்கு மாற்றவும் அனுமதி. 'ஒப்படைப்பு' என்ற கோப்புறை தனி. அதற்குள் குழு1, குழு2 என உட்கோப்புறைகள். ஒவ்வொன்றிலும் அந்தந்தக் குழுவின் பயனர் கணக்குக்கு மட்டும் மாற்றும் அனுமதி. எல்லாருக்கும் 'மாணவர்' என்று ஒரே கணக்கு வைத்தால் இது நடவாது. அந்தக் கணக்கில் நுழைபவர் எவரும் கணினிக்கு ஒரே ஆள்தான். ஒரு குழு மற்றொன்றின் வேலையை அழித்தால் யார் செய்தது என்றும் தெரியாது. மதிப்பெண்களும் வினாத்தாளும் உள்ள கோப்புறை பகிரப்படுவதே இல்லை.

பகிர்வுப் பெயரின் இறுதியில் $ குறியைச் சேர்த்தால் அது பிறர் பார்க்கும் பட்டியலில் தோன்றாது. இதைப் பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. பெயர் தெரிந்தவர் முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்து உள்ளே வரலாம்.

விண்டோஸில் செய்யும் முறை

திரையில் உள்ள ஆங்கிலச் சொற்கள் இங்கே தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. முதலில் வழங்கிக் கணினியின் பிணையம் 'பிரைவேட்' வகையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'பப்ளிக்' என்றிருந்தால், பேருந்து நிலைய வைஃபை போன்ற அறியாத இடம் என்று கருதி விண்டோஸின் ஃபயர்வால் பகிர்வைத் தடுத்துவிடும். அடுத்து, பகிர்வு அமைப்புகளில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' என்பதை இயக்க வேண்டும். அங்கேயே கடவுச்சொல் பாதுகாப்பு என்ற தெரிவும் உண்டு. அதை அணைத்தால் வேலை எளிதாகும் என்று சிலர் சொல்லித் தருவார்கள். அணைத்தால் யார் வருகிறார் என்றே வழங்கிக்குத் தெரியாது. மேலே சொன்ன அமைப்பு முழுவதும் பொருளற்றுப் போகும்.

பிறகு வழங்கியில் பயனர் கணக்குகளை உருவாக்கி ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல் வைக்க வேண்டும். கோப்புறையின் மீது வலது சொடுக்கு, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ஷேரிங்', 'அட்வான்ஸ்டு ஷேரிங்' என்று போனால் முதல் கதவு. பக்கத்தில் 'செக்யூரிட்டி' என்ற தாவலில் இரண்டாம் கதவு. 'ஷேரிங்' தாவலிலேயே 'ஷேர்' என்று ஒரு சுருக்கு வழியும் இருக்கிறது. அது இரண்டு கதவுகளையும் தானே மாற்றிவிடும். வீட்டில் ஒரு கோப்புறையைப் பகிர அது போதும். ஆனால் ஒருநாள் சுருக்கு வழி, மறுநாள் விரிந்த வழி என்று கலந்தால் என்ன மாறியது என்று பின்னால் கண்டுபிடிப்பது சிரமம். ஏதாவது ஒன்றில் நிற்பது நல்லது.

கோப்புறைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். ஒருங்குறி வந்தபின் அதில் தடையில்லை. கணினியின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும், 15 எழுத்துகளுக்குள் வைத்துக்கொள்வது தொல்லை தராது. வழங்கி சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதற்கு மேல் வேண்டுமானால் சாம்பா நிறுவிய ஒரு லினக்ஸ் கணினி செலவில்லாத வழி.

வழக்கமான சிக்கல்கள்

கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்பது அடிக்கடி வரும் புகார். கடவுச்சொல்லே வைக்காத கணக்கைப் பிணையம் வழியே பயன்படுத்த விண்டோஸ் இயல்பாக அனுமதிப்பதில்லை. கணினியைத் திறக்க நாம் இடும் நான்கிலக்கப் பின் எண்ணும் இங்கே செல்லாது. அது அந்தக் கணினிக்கு மட்டும் உரியது. கணக்கின் உண்மையான கடவுச்சொல்லைத்தான் தர வேண்டும்.

நெட்வொர்க் பட்டியலில் கணினி தோன்றவில்லை என்பது இன்னொன்று. பட்டியல் காட்டுவது ஒரு வேலை, பகிர்வது வேறு வேலை. பட்டியலில் இல்லாவிட்டாலும் முகவரியை நேரடியாக இட்டால் பெரும்பாலும் திறந்துவிடும். எண் முகவரி ரவுட்டரால் அவ்வப்போது மாற்றப்படலாம் என்பதால் பெயரையே பயன்படுத்தலாம். வழங்கி உறக்க நிலைக்குப் போய்விட்டால் கோப்புறையும் மறைந்துவிடும். பாட வேளையில் அந்த அமைப்பை அணைத்து வைக்க வேண்டும். சில விடுதி, கல்லூரி வைஃபைகளில் இணைந்துள்ள கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி ரவுட்டரிலேயே தடுத்திருப்பார்கள். அங்கே நம் கணினியில் என்ன மாற்றினாலும் பயனில்லை.

அழிந்தால் என்ன ஆகும்

நம் கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அது ரீசைக்கிள் பின் என்ற தொட்டிக்குப் போகும். பிணையம் வழியே பகிர்ந்த கோப்புறையில் அழித்தால் அது நம் தொட்டிக்கும் போகாது, வழங்கியின் தொட்டிக்கும் போகாது, நேரே போய்விடும். அழிப்பவரின் திரையில் 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் அதைப் படிப்பவர் குறைவு. சாம்பாவில் மட்டும், அழித்தவற்றைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்தி வைக்கும் கூறு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பணயத் தீநிரல்கள் செய்வதும் இதே வழியில்தான். கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல் ஒரு மாணவர் கணினியில் புகுந்தால், அந்த மாணவருக்கு எங்கெல்லாம் எழுதும் அனுமதி இருக்கிறதோ அங்கெல்லாம் பூட்டிவிடும். வழங்கிக் கணினியில் தீநிரல் நுழையவே தேவையில்லை. பாடம் கோப்புறை 'படிக்க மட்டும்' என்றிருந்தால் அந்த வழியில் அது தப்பும்.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை வேறு வகை. அது அனுமதியைப் பயன்படுத்தவில்லை. எஸ்எம்பியின் மிகப் பழைய முதல் பதிப்பை விண்டோஸ் கையாண்ட முறையில் இருந்த ஓட்டை வழியே, யாரையும் கேட்காமல் கணினிக்குக் கணினி தாவியது. 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரித்தானியாவின் பொது மருத்துவமனைகளில் முன்பதிவு செய்திருந்த சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் கையில் இருந்தும் நிறுவாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். 2017 அக்டோபர் முதல் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளைப் புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி முதல் பதிப்பு இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. பழைய பிரிண்டருக்காகவோ பழைய சேமிப்புப் பெட்டிக்காகவோ அதை மீண்டும் இயக்கச் சொல்லும் காணொளிகள் நிறைய உள்ளன. அந்தக் கருவியை மாற்றுவதே சரி. அதுபோல 445 என்ற வாயிலை ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடவும் கூடாது. வெளியூரிலிருந்து கோப்பு வேண்டுமானால் அதற்கு விபிஎன் போன்ற வேறு வழிகள் உள்ளன.

பகிர்ந்த கோப்புறையின் படி ஒன்றை, பிணையத்தில் இணையாத ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் வாரம் ஒருமுறையாவது எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும். செருகியே வைத்தால், வழங்கிக்குள் தீநிரல் நுழையும் நாளில் அதுவும் சேர்ந்து பூட்டப்படும்.

பகிர்வை நிறுத்துதல்

கணினியில் இப்போது என்னென்ன பகிரப்பட்டுள்ளன என்று பார்க்க, கட்டளைச் சாளரத்தில் 'நெட் ஷேர்' என்ற கட்டளையை இட்டால் முழுப் பட்டியலும் வரும். அதில் சி$ போன்று $ குறியில் முடியும் சில, நிருவாகிகளுக்காக விண்டோஸே உருவாக்கியவை. மற்றவற்றில் எதற்கென்று தெரியாத பெயர் இருந்தால், 'அட்வான்ஸ்டு ஷேரிங்' பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிடலாம். பகிர்வு மட்டுமே நிற்கும். கோப்புறையும் அதிலுள்ள கோப்புகளும் அப்படியே இருக்கும். கல்வியாண்டு முடிவில் ஒப்படைப்புகளைப் படியெடுத்து வைத்துவிட்டு, பழைய குழுக் கணக்குகளை நீக்கி, புதிய வகுப்புக்குப் புதிய கடவுச்சொற்களோடு தொடங்கலாம்.